லேபிளுக்கு அப்ரூவல் உண்டு, கவர் போட்டோவுக்கு?

லிங்க்ட்இன்னில் திருப்பூர் கார்மென்ட் கம்பெனிகளைத் தேடிப் பாருங்கள். பத்துப் பக்கம் தள்ளுவதற்குள் ஒரே படம் திரும்பத் திரும்ப வரும். நீல நிற உலக உருண்டை, அதைச் சுற்றி ஒரு விமானம், கீழே கன்டெய்னர் கப்பல், ஓரத்தில் ஒரு தையல் மெஷின். அதன்மேல் எல்லா வகைப் பின்னலாடைகளும் தயாரித்து ஏற்றுமதி செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம், இரண்டு செல்போன் எண், ஒரு ஜிமெயில் முகவரி, ஐந்தாறு சான்றிதழ் முத்திரைகள். வேறு சிலர் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டியிருப்பார்கள். அதில் பாவும் ஊடையுமாகத் தறி ஓடிக்கொண்டிருக்கும். பனியன் துணி தறியில் நெய்வதில்லை என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் தெரியும். பின்னலாடைக் கம்பெனியின் தலைமாட்டில் நெசவுத் தறி! துணி வாங்கியே பழகிய ஐரோப்பிய பையருக்கு மட்டும் அது தெரியாதா என்ன?

இதே ஊர் அடுத்தவர் பிராண்டுக்கு வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது நம்ப முடியாத சமாச்சாரம். பையர் அனுப்பும் டெக் பேக்கில் கழுத்து லேபிள் எந்த இடத்தில், எந்தத் தையலில் உட்கார வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கும். நிறத்துக்கு லேப் டிப், பிரிண்டுக்கு ஸ்ட்ரைக் ஆஃப், அளவுக்கு ஃபிட் சாம்பிள், பிறகு சைஸ் செட், கடைசியாக, தயாரிப்புக்கு முந்தைய பி.பி. சாம்பிள். அப்ரூவல் வராமல் கட்டிங் டேபிளில் கத்தி வைக்க மாட்டார்கள். ஒரு சிவப்புக்கு மூன்று, நான்கு லேப் டிப் போட்டு, லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, ஐரோப்பியக் கடைகளின் டி.எல்.84 விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் கம்பெனிப் பக்கத்தின் கவர் போட்டோவை மட்டும் விசிட்டிங் கார்டு அடிக்கிற டி.டி.பி. கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

நேற்றுவரை இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. பையிங் ஆபீஸ் வழியாக ஆர்டர் வரும், பழைய பையர் புதிய பையரிடம் சொல்லுவார், வெளிநாட்டுக் கண்காட்சியில் ஸ்டால் போட்டால் நாலு பேர் கார்டு கொடுப்பார்கள். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது நிலைமை மாறியது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆர்டர்கள் நின்றதும், புதுச் சந்தையில் அறிமுகமே இல்லாத ஆட்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. மெயில் வந்தால் எதிர்முனையில் இருப்பவர் முதலில் செய்வது கம்பெனியின் பெயரைத் தட்டிப் பார்ப்பதுதான். வெப்சைட்டுக்கு முன்னால் அவர் கண்ணில் படுவது சமூக ஊடகப் பக்கம். அதன் உச்சியில் உலக உருண்டை.

இதை அசட்டை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில் வளர்ந்த விதத்திலேயே காரணம் இருக்கிறது.

1925 வாக்கில் பேபி நிட்டிங் என்ற பெயரில் இங்கே பனியன் தயாரிப்பு தொடங்கியதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் திருப்பூர் உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் போட்ட ஊர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் சொந்தப் பெயர் இருந்தது, சொந்தப் படம் இருந்தது. பனியன் அட்டைப்பெட்டியின் மூடிதான் அன்றைய கவர் போட்டோ. பெயர், படம், 85, 90, 95 என்று சைஸ் எண். ஜவுளிக் கடைக்காரர் மூடியைப் பார்த்தே பெட்டியை உருவுவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கிப் போவார்.

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக வெள்ளை டீ-சர்ட் தேடி இங்கே வந்தார். 1981-ல் ஐரோப்பாவின் சி அண்ட் ஏ கடைக்காரர்கள் வந்தார்கள். 1990-ல் ஏ.சக்திவேல் தலைமையில் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2024-25 நிதியாண்டில் ஏற்றுமதி சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய். இத்தனை கோடிக்கான துணியிலும் ஓரிடத்தில்கூடத் திருப்பூர்க் கம்பெனியின் பெயர் கிடையாது. அமெரிக்காவுக்குப் போகும் டீ-சர்ட்டின் உள்பக்க லேபிளைப் புரட்டிப் பாருங்கள். நூல் விவரம் இருக்கும், இந்தியாவில் தயாரித்தது என்று இருக்கும், ஆர்.என். என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்கூட அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மட்டும் அந்த நாட்டு வணிக ஆணையம் கொடுப்பது. தைத்தவர் யார் என்று தேடினால் கடைசிவரை தெரியாது.

ஒப்பந்தம் வேறு இருக்கிறது. பையரின் பெயரையோ லோகோவையோ ஸ்டைலையோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் பெரும்பாலும் ஒரு ஷரத்து இருக்கும். லட்சக்கணக்கில் பீஸ் ஷிப்மென்ட் போட்டவர் ஒரு பீஸைக்கூடத் தன் பக்கத்தில் காட்ட முடியாது. மீறி லோகோவைப் போட்டால் ஒப்பந்தப் பிரச்னையோடு டிரேட்மார்க் பிரச்னையும் சேர்ந்துகொள்ளும். காட்டக் கூடாததையெல்லாம் கழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது உலக உருண்டையும் கப்பலும்தான். டி.டி.பி. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த மூடுமந்திரம் சில வருடங்களாகத் தளர்ந்து வருகிறது. நைக்கி 2005-லேயே தனக்குத் தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டது. 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் தையல் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எந்த பிராண்டுக்கு அங்கே தைத்தார்கள் என்பதை இடிபாட்டில் கிடந்த லேபிள்களைப் பொறுக்கிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டே எச் அண்ட் எம் பட்டியல் வெளியிட்டது, பிறகு பலர் அதே வழிக்கு வந்தார்கள். இன்றைக்கு ஓப்பன் சப்ளை ஹப் என்ற பொதுத்தளத்தில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் வரைபடத்தில் இடத்தோடும் ஓர் அடையாள எண்ணோடும் இருக்கின்றன. திருப்பூர்க் கம்பெனிகள் பலவும் அதில் உண்டு. பையரே உலகத்துக்குச் சொல்லிவிட்ட செய்தியை நாம் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். லோகோவைத் தொடக் கூடாது, சரி. தன் பெயர் இருக்கும் அந்தப் பொதுப் பதிவின் சுட்டியைப் பக்கத்தின் அறிமுகப் பகுதியில் போடலாமே? சந்தேகம் இருந்தால் பையருக்கு ஒரு மெயில் எழுதிக் கேட்டுக்கொள்ளலாம்.

சொந்த பிராண்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. 1983-ல் கே.ஆர்.நாகராஜன் தொடங்கிய ராம்ராஜ் காட்டனுக்கு எதைக் காட்டுவது என்ற குழப்பம் வந்திருக்காது; வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் போதும். லெக்கிங்ஸ் விற்கும் ட்வின் பேர்ட்ஸ், பிரிஸ்மா போன்றவர்களுக்கு நிறங்களே படம். திண்டாடுவது எல்லாம் பெயர் தெரியாமல் பெரிய பெயர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் ஆட்கள்தான்.

அவர்கள் எதைக் காட்டலாம்? என்னைக் கேட்டால், பையருக்குச் சொந்தமில்லாத எதையும் காட்டலாம். மெஷின், துணி, தண்ணீர், வேலை செய்கிற கை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிமானம் உண்டு, ஒரு பொறியும் உண்டு.

நிட்டிங் மெஷினை எடுத்துக்கொள்வோம். 30 இன்ச் விட்டமுள்ள சிங்கிள் ஜெர்ஸி மெஷினில் 90 ஃபீடர் என்பது சாதாரணம். அதாவது 90 நூல் கோன். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல் கிளம்பி, குழாய் வழியாக ஓடி, ஃபீடரில் இறங்கி, வட்டமாகச் சுற்றும் ஊசிகளுக்குள் போகும். துணி கீழே குழாயாக இறங்கி ரோலில் சுற்றும். கோன்கள் நிற்கும் கிரீலைப் பக்கவாட்டில் நின்று எடுத்தால் வெள்ளை வரிசை படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளும். லிங்க்ட்இன் கம்பெனிப் பக்கத்தின் கவர் போட்டோ உயரத்தைப் போல ஆறு மடங்கு அகலம். அந்த நீள வாகுக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை விலை கொடுத்து வாங்க முடியாது. துணித் தொழில் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் இது நிட்டிங் ஹால், சொந்தமாக மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று கண்டுகொள்வார். அதற்கு ஒரு வாசகமும் தேவையில்லை. சொந்தத்தில் நிட்டிங் இல்லாமல் வெளியில் கொடுத்து வாங்குகிறவர் இந்தப் படத்தைப் போடக் கூடாது. பையர் நேரில் வரும் நாளன்று எந்த ஹாலைக் காட்டுவீர்கள்?

துணியையே பின்னணியாக வைப்பது இன்னும் அழகு. ஆனால் மாட்டிக்கொள்கிற இடமும் அதுதான். பனியன் துணியில் கண்ணிகள் நெடுக்காக வரிசை வரிசையாக ஓடும். அந்தப் படத்தைச் சுருக்கிப் போடும்போது துணியின் கோடும் திரையின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று மோதி, துணியில் இல்லாத அலை அலையான பட்டைகள் தோன்றும். மோரே என்பார்கள் போட்டோக்காரர்கள். ரிப் துணியில் இது பயங்கரமாக இருக்கும். நல்ல துணியைச் சாயம் திட்டுத் திட்டாக ஏறிய துணி மாதிரி காட்டிவிடும். சாயக் குறை என்றால் திருப்பூரில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு வழி, ஒன்று மிக நெருங்கிப் போய் எடுப்பது. ஒரு கண்ணி தனியாகத் தெரியும் அளவுக்கு. இல்லையென்றால் நன்றாகத் தள்ளி நின்று, மடித்து அடுக்கிய துணி அடுக்காக எடுப்பது. இரண்டுக்கும் நடுவில் நின்று எடுக்கும் படம்தான் கெடுக்கும். சுருக்குவதற்கு முன்னால் படத்தை லேசாக மங்க வைப்பதும் பலன் தரும்.

நிறம் அடுத்த தலைவலி. ஹாலில் இருக்கும் டியூப் லைட்டில் எடுத்த படத்தில் வெள்ளைத் துணி பச்சை பூத்துத் தெரியும். போட்டோ எடுக்கும் மூலையில் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்துக் கேமராவைச் சரிசெய்துகொண்டால் பாதித் தொல்லை தீரும். மீதிப் பாதி கம்ப்யூட்டரில். நம் ஊர் டிசைனர்களில் பலர் ஃபிளெக்ஸ் போர்டிலும் நோட்டீஸிலும் கை பழகியவர்கள். கோரல்டிராவில் அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. நிறத்தில் ஃபைல் செய்து அப்படியே கொடுத்துவிடுவார்கள். திரைக்குத் தேவை ஆர்.ஜி.பி., அதிலும் எஸ்.ஆர்.ஜி.பி. மாற்றாமல் ஏற்றினால் லோகோவின் ஆரஞ்சு செங்கல் நிறத்தில் வந்து நிற்கும். லோகோவும் எழுத்தும் உள்ள படத்தை ஜே.பெக்காகக் கொடுத்தால் எழுத்தின் ஓரத்தில் அழுக்குப் படிந்த மாதிரி இருக்கும், பி.என்.ஜி.யாகக் கொடுப்பது நல்லது என்று ஃபேஸ்புக்கே சொல்கிறது. தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான வேர்ல்டு-ரெடி கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு முன்னால் வர வேண்டியது பின்னால் போய் உட்கார்ந்துவிடும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்துப் படமாக்கித் தப்பிப்பவர்களும் உண்டு.

அளவு பற்றி ரொம்பச் சொல்வதற்கில்லை, அடிக்கடி மாறுவது. கம்ப்யூட்டரில் ஃபேஸ்புக் கவர் 851-க்கு 315 பிக்சல், செல்போனில் 640-க்கு 360. செல்போனில் பார்க்கும்போது இரண்டு ஓரமும் வெட்டுப்படும் என்று அர்த்தம். எக்ஸ் தளத்தில் 1500-க்கு 500. யூடியூபில் 2560-க்கு 1440 கேட்பார்கள், டி.வி.யில் பார்த்தால்தான் முழுப் படமும் தெரியும், செல்போனில் நடுவில் ஒரு பட்டை மட்டும். பலவற்றில் கம்பெனி லோகோ கவரின் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே முக்கியமானது எதுவும் ஓரத்தில் வேண்டாம், லோகோவுக்குப் பின்னாலும் வேண்டாம்.

போன் நம்பர் விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 2012-ல் ஃபேஸ்புக் கம்பெனிப் பக்கங்களுக்குக் கவர் போட்டோ கொண்டுவந்தபோது அதில் விலை, தள்ளுபடி, முகவரி, மெயில் எதுவும் இருக்கக் கூடாது என்று விதி போட்டிருந்தது. மறு வருடமே தளர்த்திவிட்டார்கள். விதி போய்விட்டாலும் விதியில் இருந்த விவேகம் போகவில்லை. படத்துக்குள் இருக்கும் நம்பரை விரலால் தொட்டால் போன் போகாது. சுலபமாகக் காப்பி எடுக்கவும் முடியாது. நம்பருக்கென்று பக்கத்திலேயே தனி இடம் இருக்கிறது. ஃபிளெக்ஸ் போர்டில் காலி இடம் விட்டால் கொடுத்த காசு வீணாகிவிட்டதாக நினைக்கும் பழக்கம் நமக்கு. அது இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போது தையல் ஹாலுக்குள் போவோம். வரிசையாகப் பவர் டேபிள், தலை குனிந்து தைக்கும் பெண்கள். எல்லோரும் எடுக்க விரும்பும் படம் இது. எடுத்ததை ஏற்றுவதற்கு முன்னால் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் ஆபீசரிடம் ஒரு முறை காட்டிவிடுவது உத்தமம். நாம் அழகைப் பார்ப்போம். பையரின் ஆடிட்டர் வேறு எதையோ பார்ப்பார். நடைபாதையின் மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கட்டிங் பண்டில் கிடக்கிறதா, தீயணைப்பான் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா, ஓவர்லாக் மெஷினில் விரல் காப்பும் கண் காப்பும் இருக்கின்றனவா, பெல்ட்டுக்கு மூடி போட்டிருக்கிறதா, பேண்ட் நைஃபில் துணி வெட்டுகிறவர் கையில் இரும்பு வலைக் கையுறை மாட்டியிருக்கிறாரா? ஒரு கவர் போட்டோவைப் பெரிதாக்கினால் இத்தனையும் தெரியும். டேபிளில் கிடக்கும் பீஸில் பையரின் லேபிள் தெரிந்தாலும் வம்பு. படத்தில் முகம் தெரிகிறவரிடம் சம்மதம் கேட்க வேண்டும், எழுத்தில் வாங்கினால் நல்லது. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண் தன் படம் நெட்டில் வருவதை வீட்டில் விரும்புவார்களா என்று யோசிப்பாள். முதலாளி கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும் தயங்குவாள். கையும் ஊசியும் துணியும் தெரிந்தால் போதாதா, முகம் எதற்கு?

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்று ஏ.ஐ. படத்துக்குத் தாவியிருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பளபளவென்று இருக்கும் அந்த ஹாலில் ஓவர்லாக் மெஷினுக்கு ஒரே ஒரு கோன் நிற்கும். நான்கு நூல் ஓடும் மெஷின் அது. சில படங்களில் ஊசிக்கு நூலே வந்து சேராது. ஊருக்கு வெளியே இருப்பவர் ஏமாறலாம், நாம் விற்கப் போவது ஊசி தெரிந்தவர்களிடம்.

திருப்பூருக்கென்று காட்டிப் பெருமைப்பட ஒன்று உண்டென்றால் அது தண்ணீர். நொய்யல் ஆற்றைச் சாயத்தால் பாழாக்கிய ஊர் என்ற பழி சும்மா வந்ததல்ல. ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தொட்டியாகிப்போனதை அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் மறக்கவில்லை. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஊரே ஸ்தம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கழிவு நீரையும் வெளியே விடாத முறைக்கு வந்த பட்டறைகளுக்குத்தான் ஓட அனுமதி. 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆர்.ஓ. குழாய்கள் வரிசை, எவாப்பரேட்டர், பிரித்தெடுத்துத் திரும்பவும் சாயத்தொட்டிக்கே போகும் உப்பு. இதைக் கவரில் போடுகிறவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. மாறாக, வெள்ளைப் பின்னணியில் ஒரு பச்சை இலை, அதில் ஒரு பனித்துளி. உலகத்தில் எந்தக் கம்பெனியும் போடக்கூடிய படம் அது. சாயப்பட்டறைக் கழிவு நீரையும் மீட்ட நீரையும் இரண்டு கண்ணாடிக் குடுவையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைத் திருப்பூர்க்காரர்தான் தைரியமாகப் போட முடியும். சாயம் போடுவது ஜாப் ஒர்க்காக வெளியே என்றால், எந்தப் பட்டறை, எந்தச் சுத்திகரிப்பு நிலையம் என்று கையில் விவரம் இருக்க வேண்டும். கேட்பார்கள்.

இலைப் படத்துக்குச் சட்டமும் குறுக்கே வருகிறது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது, பசுமையானது என்றெல்லாம் ஆதாரமில்லாமல் பொத்தாம்பொதுவாக நுகர்வோரிடம் சொல்லக் கூடாது, முறையான சான்றளிப்பு இல்லாத பசுமை முத்திரைகளைக் காட்டக் கூடாது. 2026 செப்டம்பர் 27-லிருந்து இது அமலுக்கு வருவதாக ஏற்பாடு. நேரடியாகப் பிடிபடுவது அங்கே விற்கும் பிராண்ட்தான், ஆனால் அவர் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள நம்மிடம் ஆதாரம் கேட்பார். இந்தியாவிலும் 2024 அக்டோபரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதே ரகத்தில் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது.

சான்றிதழ் முத்திரைகள் விஷயத்தில் நாம் அறியாமலே செய்யும் தப்பு ஒன்று. 'பி.எஸ்.சி.ஐ. சர்டிஃபைடு', 'செடெக்ஸ் சர்டிஃபைடு' என்று எத்தனை கவர்களில் பார்க்கிறோம்! இரண்டும் சான்றிதழே கிடையாது. தணிக்கை முறையும் உறுப்பினர் அமைப்பும் அவை. தொழில் தெரிந்த பையர் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார், அடுத்த கம்பெனிக்குப் போவார். ஆர்கானிக் துணிக்கான ஜி.ஓ.டி.எஸ். நிஜமான சான்றிதழ், ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சான்று காலாவதியாகி, கவரில் முத்திரை மட்டும் தங்கிவிட்டால் அது பொய். கம்பெனிப் பெயரைத் தட்டினால் செல்லுபடியாகிறதா என்று பொதுத்தளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். 2020 அக்டோபரில் இந்தியாவில் சுமார் 20 ஆயிரம் டன் பருத்திக்குப் போலி ஆர்கானிக் சான்று காட்டிய மோசடியை ஜி.ஓ.டி.எஸ். வெளியே கொண்டுவந்து 11 கம்பெனிகளுக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து வரும் முத்திரை என்றால் சரிபார்க்காமல் யாரும் நம்புவதில்லை. முத்திரைகளைக் கவரிலிருந்து மொத்தமாக எடுத்துவிட்டு, சான்று எண்ணும் காலாவதித் தேதியுமாக அறிமுகப் பகுதியில் எழுதிவிடுவதே புத்திசாலித்தனம்.

இவ்வளவு நேரம் பையரைப் பற்றியே பேசியாயிற்று. கம்பெனிப் பக்கத்தைப் பார்க்கிற இன்னொருவர் இருக்கிறார். அவர் ஆங்கிலம் படிப்பவர் அல்ல. அனுப்பர்பாளையத்திலோ வீரபாண்டியிலோ லைன் வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடும் டைலர், செக்கிங் பெண், கைமடிக்கிறவர். ஒடிசாவிலோ பீகாரிலோ இருந்துகொண்டு, ஏற்கெனவே இங்கே இருக்கும் ஊர்க்காரனிடம் கம்பெனியின் பெயர் கேட்கும் பையன். ஒரு காலத்தில் மின்கம்பத்திலும் கேட்டிலும் தொங்கிய 'ஆட்கள் தேவை' அட்டை இப்போது ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தொங்குகிறது. பையருக்குப் போட்ட கன்டெய்னர் கப்பலால் இவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கம்பெனி எந்தச் சாலையில், பஸ் எதுவரை வரும், தங்க இடம் உண்டா, ஷிப்டா பீஸ் ரேட்டா என்பதுதான் அவருக்கு வேண்டும். லிங்க்ட்இன்னுக்கு ஒரு படம், ஃபேஸ்புக்குக்கு வேறு படம் என்று பிரித்துவிடுவது நல்லது. ஃபேஸ்புக் கவரில் கம்பெனியின் கேட்டும் பெயர்ப்பலகையும் தெளிவாகத் தெரிந்தால் போதும். தமிழில் ஒரு வரி, இந்தியில் ஒரு வரி. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது திருப்பூர் ரயில் நிலையத்தில் கூட்டம் கூடியது. அரசும் போலீசும் அது பொய் என்று ஓடி ஓடிச் சொல்ல வேண்டியிருந்தது. வேலை கொடுத்த கம்பெனியின் பக்கத்தில் அவர்கள் மொழியில் நாலு வார்த்தை படித்துப் பழகியிருந்தால், அன்றைக்கு அதைத்தான் முதலில் திறந்து பார்த்திருப்பார்கள்.

ஆனால் ஒரு பக்கத்தை ஒருவர்தான் பார்ப்பார் என்று சட்டம் ஏதும் இல்லை. 'தினமும் ஒன்றரை ஷிப்ட் வேலை உறுதி' என்று தமிழில் பெரிதாகப் போட்டிருப்பதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். டைலரே அதைத்தான் கேட்டு வருவார், கூலி கூடும். பையரின் விதிப்புத்தகத்தில் வாரத்துக்கு 48 மணி நேரம், ஓவர்டைம் சேர்த்து 60-க்கு மேல் போகக் கூடாது என்று இருக்கும். ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம், வாரம் ஆறு நாள். கணக்குப் போட ஆடிட்டருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. போனில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. பேனரை மாற்றுவதா, வேலை நேரத்தை மாற்றுவதா என்பது டிசைனர் தீர்க்கிற பிரச்னை அல்ல.

லிங்க்ட்இன் எல்லாம் எங்களுக்கு எதுக்குங்க என்று கேட்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகள்தான் ஊரில் அதிகம். பிரிண்டிங், எம்ப்ராய்டரி, காம்பாக்டிங், வாஷிங். அவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸ்தான் கடை வாசல். எம்ப்ராய்டரி யூனிட் என்றால் எத்தனை ஹெட், எத்தனை ஊசி, என்ன ஃபிரேம் அளவு. பிரிண்டிங் என்றால் எத்தனை கலர், டேபிளா ஆட்டோமேட்டிக்கா. மெஷின் படத்தின் மேல் இந்த ஒரு வரி இருந்தால் மெர்ச்சண்டைசர் உடனே கூப்பிடுவார். இந்த யூனிட்காரர்கள் கவரில் தப்புப் பண்ணுவது குறைவு. ஸ்டேட்டஸில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்று அடித்த பிரிண்ட் நன்றாக வந்திருக்கிறது என்று ஆசையாக எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து லண்டனில் கடைக்கு வர வேண்டிய டிசைன் அது. பார்க்கிற நானூறு பேரில் அதே டிசைனை உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டைக்கு அடித்துத் தர ரெடியாக இருக்கிறவரும் ஒருவர் இருப்பார். ஆர்டர் கொடுத்த கம்பெனி அந்த யூனிட்டுக்கு ஸ்கிரீன் அனுப்பும்போதே ஸ்டேட்டஸ் போடக் கூடாது என்று சலானில் ஒரு வரி அடித்து அனுப்பலாம். அப்படிக் கேட்பவர்கள், அந்த யூனிட்டுக்குக் காட்டிக்கொள்ளப் பையர் பெயர் இல்லாத சாம்பிள் துணியில் நாலு பிரிண்ட் அடித்துக்கொள்ளவும் அனுமதி கொடுத்துவிட வேண்டும். துணிக்கும் மைக்கும் யார் காசு கொடுப்பது என்பதை அப்போதே பேசி முடித்துக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது.